எந்த ஆப் நமக்கு வேணும்? போன்ல ஏத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாத்துக்கலாம்

"நல்ல ஆப்பா ஒரு நாலு சொல்லுப்பா, ஏத்திக்கறேன்". வண்ணாரப்பேட்டைல நான் வேலை பாக்குற மொபைல் சர்வீஸ் கடையில அடிக்கடி காதுல விழுற கேள்வி இது. கேக்குறவங்க கிட்ட நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணு தான், காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் உங்களுக்கு என்னென்ன வேலைன்னு. ஏன்னா கொருக்குப்பேட்டைல கும்மிடிப்பூண்டி ட்ரெயின் ஏறி கம்பெனிக்கு போறவருக்கு தேவைப்படுறது வேற, காசிமேட்டுல ஏலம் எடுத்து தெருத்தெருவா மீன் விக்கிற அம்மாவுக்கு தேவைப்படுறது வேற, காலேஜ் போற பொண்ணுக்கு வேற. "டாப் 10 ஆப்"னு வீடியோ போடுறாங்களே, அதுல சொல்றவருக்கு உங்க வேலை என்னன்னே தெரியாது, அப்புறம் எப்படி உங்களுக்கு நல்ல ஆப்ப அவர் சொல்ல முடியும். அதனால லிஸ்ட் தேடாதீங்க, வேலைய முதல்ல சொல்லுங்க, ஒரு வேலைக்கு ஒரு ஆப், அதுவும் அந்த வேலைக்கு தேவையானத மட்டும் கேக்குற ஆப், இத புடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

முதல்ல ஆப்னா என்னன்னு ஒரு வரில சொல்லிடறேன், ஒரு குறிப்பிட்ட வேலைய செய்யறதுக்குன்னு எழுதி வச்ச ப்ரோக்ராம், அவ்ளோ தான். அது உங்க போன்ல எடம் புடிக்கும், நெட் சாப்பிடும், சில ஆப் நீங்க திறக்காத நேரத்துலயும் பின்னாடி ஓடிகிட்டே இருக்கும், பேட்டரி எறங்கும். அதனால தான் ஒரு வேலைய தெனமும் செய்யறீங்களா, மாசத்துக்கு ஒரு தடவையா, வருஷத்துக்கு ஒரு தடவையான்னு யோசிக்க சொல்றேன். தெனமும் செய்யற வேலைக்கு ஆப் வச்சுக்கோங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ப்ராப்பர்டி டாக்ஸ் கட்டறதுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை புள்ளைக்கு ரிசல்ட் பாக்கறதுக்கெல்லாம் ஆப் எதுக்கு, குரோம்ல வெப்சைட்ட திறந்து பாத்துட்டு மூடிட்டா போதும். கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தான் வருது, அத நீங்க ஏற்கனவே வச்சிருக்க யூபிஐ ஆப்லயே சர்வீஸ் நம்பர போட்டு கட்டிடலாம்.

இன்னொன்னு, போன் வாங்கும்போதே உள்ள இருக்குற சாமான்களையே நெறைய பேர் பாக்கறதில்ல. டார்ச்சு மேலேர்ந்து கீழ இழுத்தா வந்துடும், க்யூஆர் ஸ்கேன் பண்ண இப்போ வர்ற போன்ல கேமராவே போதும், கால்குலேட்டர் இருக்கு, வாய்ஸ் ரெக்கார்டர் இருக்கு, தமிழ்ல டைப் பண்ண கூகுளோட கீபோர்டான ஜிபோர்டுலயே தமிழ சேத்துக்கலாம், மைக்க அமுக்கி பேசினாலே தமிழ்ல அதுவே எழுதிடும். இதுக்கெல்லாம் தனித்தனியா ஆப் ஏத்தி வச்சிருக்க போன் எங்க கடைக்கு நெறைய வருது. அதுலயும் "க்ளீனர்", "ரேம் பூஸ்டர்", "பேட்டரி டாக்டர்"னு வர்றத பாத்தா எனக்கு உண்மையிலேயே கோவம் வரும், போன் ஸ்லோவாயிடுச்சேன்னு பயந்து போய் ஏத்துறாங்க, அது விளம்பரமா காட்டி காட்டி இன்னும் ஸ்லோவாக்குது. எந்த ஆப்ப எப்போ நிறுத்தணும், எதுக்கு எவ்ளோ ரேம் குடுக்கணும்னு ஆண்ட்ராய்டே பாத்துக்கும், அதுக்கு ஆள் வைக்க தேவையில்ல. எடம் பத்தலன்னா கூகுளோட "ஃபைல்ஸ்" ஆப் போதும், பாதி போன்ல வாங்கும்போதே இருக்கும். "இன்னா நைனா, போன் நவுரவே மாட்டேங்குது"ன்னு ஒரு அம்மா கொண்டாந்து குடுத்தா நான் முதல்ல பாக்கறது வாட்ஸ்அப்போட ஸ்டோரேஜ தான், குரூப்ல வர்ற குட் மார்னிங் வீடியோவே பாதி எடத்த அடைச்சிட்டு இருக்கும், செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்னு ஒரு எடத்துல பெரிய ஃபைல் எல்லாம் வரிசையா காட்டும், அத அழிச்சிட்டு ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணி குடுத்தா போன் சரியாயிடும்.

இப்போ முக்கியமான எடத்துக்கு வர்றேன், பர்மிஷன். ஆப்ப திறந்ததும் "அலோ" "டோன்ட் அலோ"ன்னு கேக்குதே, அது தான். நம்மாளுங்க நூத்துக்கு தொண்ணூறு பேரு படிக்காம அலோ அலோன்னு அமுக்கிட்டு போயிடுவாங்க. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவர் பீரோ சாவி கேட்டா குடுப்போமா, இங்கயும் அதே மாதிரி தான் யோசிக்கணும். கேக்குற வேலைக்கும் கேக்குற பர்மிஷனுக்கும் சம்பந்தம் இருக்கான்னு மட்டும் பாருங்க. மேப் லொகேஷன் கேக்கும், அது நியாயம். வீடியோ கால் ஆப் கேமராவும் மைக்கும் கேக்கும், நியாயம். காலண்டர் ஆப், நல்ல நேரம் ராகு காலம் பாக்குற ஆப், எதுக்கு உங்க கான்டாக்ட் லிஸ்ட கேக்குது? வால்பேப்பர் ஆப் எதுக்கு எஸ்எம்எஸ் படிக்கணும்ங்குது? அப்படி கேட்டா அந்த ஆப் வேணாம், அதே வேலைக்கு வேற ஆப் இருக்கும்.

எஸ்எம்எஸ் விஷயத்த தனியா சொல்லணும். உங்க பேங்க் ஓடிபி எஸ்எம்எஸ்ல தான் வருது, அப்போ எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கின ஆப்பால உங்க ஓடிபியையும் படிக்க முடியும். ஆனா யூபிஐ ஆப் எஸ்எம்எஸ் பர்மிஷன் கேட்டா பயப்படாதீங்க, முதல் தடவை ரெஜிஸ்டர் பண்ணும்போது உங்க சிம்லேர்ந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி தான் இந்த நம்பர் இந்த போன்ல தான் இருக்குன்னு அது உறுதி பண்ணிக்கும், அதனால அங்க அது தேவை. இதத்தான் சம்பந்தம் பாருங்கன்னு சொல்றேன், ஒரே பர்மிஷன் ஒரு ஆப்ல நியாயம், இன்னொரு ஆப்ல ஆபத்து.

இதெல்லாத்த விட பெருசு "அக்சசிபிலிட்டி"ன்னு ஒண்ணு. கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீன்ல இருக்கறத படிச்சு சொல்றதுக்காக வச்ச வசதி அது, ரொம்ப நல்ல வசதி. ஆனா இந்த அனுமதி கிடைச்ச ஆப் உங்க ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு பாக்கும், உங்களுக்கு பதிலா அதுவே பட்டன அமுக்கும். அதனால திருட்டு ஆப் எல்லாம் முதல்ல கேக்கறதே இத தான். வெளிய கேள்விப்படாத ஏதோ ஒரு ஆப் அக்சசிபிலிட்டிய ஆன் பண்ணுன்னு சொன்னா யோசிக்கவே வேணாம், அங்கயே அழிச்சிடுங்க.

ஏற்கனவே எல்லாத்துக்கும் அலோ குடுத்துட்டோமேன்னு கவலைப்படாதீங்க, செட்டிங்ஸ்ல ப்ரைவசிக்கு போய் பர்மிஷன் மேனேஜர்னு ஒண்ணு இருக்கும், சில போன்ல வேற எடத்துல இருக்கும், செட்டிங்ஸ் மேல இருக்குற தேடல்ல அடிச்சா வந்துடும். அதுல மைக் யார் யார் கிட்ட இருக்கு, லொகேஷன் யார் யார் கிட்ட இருக்குன்னு வரிசையா காட்டும், வேணாங்கறத எடுத்துடலாம். ஆண்ட்ராய்டு 11லேர்ந்து "இந்த ஒரு தடவை மட்டும்"னு ஒரு ஆப்ஷனும் இருக்கு, ரொம்ப நாள் திறக்காத ஆப்போட பர்மிஷன போனே திரும்ப எடுத்துக்கற வசதியும் இருக்கு.

ப்ளே ஸ்டோர்ல தேடும்போதும் ஒரு கவனம் வேணும். தேடினதும் மேல முதல்ல வர்றது பல நேரத்துல காசு குடுத்து போட்ட விளம்பரம், சின்னதா எழுதி தான் இருக்கும், அத தாண்டி கீழ பாருங்க. ஆப் பேருக்கு கீழ யாரு பண்ணதுன்னு பேரு இருக்கும், அது தான் ரொம்ப முக்கியம், ஐகானையும் பேரையும் காப்பி அடிக்கிறது சுலபம். ரயில்வே ஆப்னா க்ரிஸ்ங்கற ரயில்வேயோட சொந்த நிறுவனத்தோட பேரு இருக்கணும், பீம் ஆப்னா யூபிஐய நடத்தற என்பிசிஐ. ரேட்டிங்ல 4.5னு போட்டிருக்கறத மட்டும் பாத்து ஏமாறாதீங்க, ரிவ்யூல "புதுசு முதல்ல"ன்னு மாத்தி போன வாரம் எழுதினவங்க என்ன சொல்றாங்கன்னு பாருங்க, அதுலயும் ஒரு ஸ்டார் ரெண்டு ஸ்டார் குடுத்தவங்க எழுதினத. "நைஸ் ஆப்" "சூப்பர்"னு நூறு பேர் எழுதியிருக்கறத விட "டிக்கெட் வரல காசு போச்சு"ன்னு பத்து பேர் எழுதியிருக்கறதுல தான் விஷயம் இருக்கு. 2022லேர்ந்து "டேட்டா சேஃப்டி"ன்னு ஒரு பகுதியும் அங்கயே இருக்கு, உங்க விவரத்த எதெல்லாம் எடுக்கறோம், யாருக்கெல்லாம் குடுக்கறோம்னு ஆப் பண்ணவங்களே சொல்றது. அவங்களே சொல்றதுங்கறதால முழுசா நம்ப முடியாது, ஆனா அங்கயே கான்டாக்ட், மெசேஜ் எல்லாம் எடுக்கறோம்னு எழுதியிருந்தா அத நம்பலாம்ல.

சரி, இப்போ நம்ம ஏரியாவுல தெனசரி வேலைக்கு வருவோம். போக்குவரத்து. நம்ம பக்கத்துக்கு ட்ரெயின் தான் உயிர், பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், மீஞ்சூர்னு அந்த லைன்ல போறவங்களுக்கு கவுன்டர்ல நிக்கறது எவ்ளோ பெரிய தலைவலின்னு சொல்ல தேவையில்ல. ரொம்ப வருஷமா இதுக்கு யூடிஎஸ் ஆப் இருந்துச்சு, 2025 ஜூலைல ரயில்வே "ரயில்ஒன்"னு புதுசா கொண்டாந்தாங்க, சாதா டிக்கெட், பிளாட்பார்ம் டிக்கெட், ரிசர்வேஷன், ட்ரெயின் எங்க வருதுன்னு பாக்கறது எல்லாம் ஒண்ணுலயே. புதுசா ஏத்துறவங்க ரயில்ஒன்னே ஏத்திக்கோங்க. இது லொகேஷன் கேக்கும், குடுங்க, காரணம் இருக்கு. பேப்பர் இல்லாத டிக்கெட்ட வண்டில ஏறி உக்காந்து டிடிஆர பாத்ததும் எடுக்கற பழக்கம் வந்துடக்கூடாதுன்னு தான் நீங்க எங்க நிக்கறீங்கன்னு பாக்கறாங்க, அதனால வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே எடுத்துடுங்க, மறந்துட்டீங்கன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்க க்யூஆர ஸ்கேன் பண்ணி எடுக்கலாம்.

பஸ்ஸுக்கு எம்டிசியோட "சென்னை பஸ்" ஆப் 2022லேர்ந்து இருக்கு, நீங்க நிக்கற ஸ்டாப்புக்கு எந்த பஸ் எங்க வந்துட்டிருக்குன்னு மேப்ல காட்டும். லேடீஸ்க்கு நான் சிபாரிசு பண்றது இத தான். ஏன்னா சாதா பஸ்ல 2021லேர்ந்து பெண்களுக்கு டிக்கெட்டுக்கு காசே இல்ல, அப்போ டிக்கெட் ஆப் எதுக்கு, அவங்களுக்கு வேண்டியது பஸ் எப்போ வரும்ங்கறது தான், மூலக்கடைல வெயில்ல நிக்கற நேரம் மிச்சம். டீலக்ஸ், ஏசி பஸ்ல போறவங்க, பஸ்ஸு மெட்ரோ ட்ரெயின்னு மாத்தி மாத்தி போறவங்களுக்கு 2025 செப்டம்பர்ல வந்த "சென்னை ஒன்" நல்லது, இத கும்டாங்கற நம்ம ஊரு போக்குவரத்து குழுமம் கொண்டாந்தது, பஸ், மெட்ரோ, சபர்பன் ட்ரெயின் மூணுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட், ஆட்டோ கேப்பும் அதுலயே கூப்பிடலாம். திருவொற்றியூர்லேர்ந்து மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல எறங்கி அங்கேர்ந்து பஸ் புடிக்கறவருக்கு இது பெரிய வசதி. ஆனா மெட்ரோல எப்போவாவது போறவங்களுக்கு எந்த ஆப்பும் வேணாம், 2023லேர்ந்து வாட்ஸ்அப்லயே மெட்ரோ டிக்கெட் எடுக்கலாம், ஸ்டேஷன்ல போர்டுல நம்பர் போட்டிருப்பாங்க. ஏற்கனவே இருக்கற ஆப்லயே வேலை முடியுதுன்னா அத விட சிறந்த ஆப் எதுவும் கிடையாது.

காசு விஷயம். யூபிஐ 2016ல வந்துச்சு, இன்னைக்கு எம்.சி. ரோட்ல துணிக்கடைலேர்ந்து கல்மண்டபம் மார்க்கெட்ல கொத்தமல்லி கட்டு வரைக்கும் எல்லாம் அதுல தான். நம்மாளுங்க போன்ல பாத்தா ஜிபே, போன்பே, பேடிஎம், பீம், அப்புறம் பேங்க் ஆப்னு அத்தனையும் இருக்கும், கேட்டா "ஒண்ணு வேலை செய்யலன்னா இன்னொன்னு"ன்னு சொல்வாங்க. இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். எல்லா யூபிஐ ஆப்பும் ஓடுறது என்பிசிஐயோட ஒரே ரோட்ல தான், காசு இருக்கறது உங்க பேங்க்ல. பேங்க் சர்வர் படுத்துடுச்சுன்னா அஞ்சு ஆப் இருந்தாலும் அஞ்சும் போகாது. ஒரு பேங்க்ல அஞ்சு ஆப் வச்சுக்கறதுக்கு பதிலா ஒரு ஆப்ல ரெண்டு பேங்க சேத்து வச்சுக்கோங்க, அது தான் உண்மையான ஸ்பேர். அதுலயும் சம்பளம், நகை சீட்டு காசு எல்லாம் இருக்கற அக்கவுண்ட யூபிஐல சேக்காம, செலவுக்குன்னு சின்னதா ஒரு அக்கவுண்ட் வச்சு அத மட்டும் சேத்துக்கிட்டா, எப்போவாவது ஏதாவது தப்பு நடந்தாலும் பெரிய காசு பத்திரமா இருக்கும்.

டீ, பஸ், காய்கறின்னு சின்ன சின்ன செலவுக்கு யூபிஐ லைட்ட ஆன் பண்ணிக்கோங்க. அதுல 5,000 ரூபா வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபா வரைக்கும் பின் போடாம போகும், கூட்டத்துல நின்னுகிட்டு எல்லார் முன்னாடியும் பின் அடிக்க தேவையில்ல, பாஸ்புக்கும் 10 ரூபா 12 ரூபான்னு பக்கம் பக்கமா நெறையாது. வயசானவங்களுக்கு ஆப்போட மொழிய தமிழ்ல மாத்தி குடுங்க, பெரிய யூபிஐ ஆப்ல தமிழ் இருக்கு, "பணம் அனுப்பு"ன்னு தமிழ்ல இருந்தா எங்க அத்தை வயசுல இருக்கறவங்க கூட தைரியமா தொடுவாங்க. அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு மனசுல பதிய வச்சிடுங்க, காசு வாங்கறதுக்கு பின் போடவே வேணாம், பின் போட சொன்னா காசு நம்ம கிட்டேர்ந்து போகுதுன்னு அர்த்தம். எவ்ளோ இனிமையா பேசினாலும் சரி, பேங்க்லேர்ந்து பேசறேன்னாலும் சரி.

ஆப்ப பத்தி பேசும்போது ஏமாத்து வேலைய பத்தி பேசாம விட முடியாது, ஏன்னா இப்போ திருடுறதுக்கே ஆப் பண்றாங்க. வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வரும், இல்லன்னா உங்க வண்டிக்கு டிராஃபிக் ஃபைன் இருக்குன்னு வரும், கரண்ட் பில் அப்டேட் ஆகல இன்னைக்கு ராத்திரி லைன கட் பண்ணிடுவோம்னு வரும், ஃபைல் பேரு கடைசில ஏபிகேன்னு முடியும். பத்திரிகை படமா வரும், பிடிஎஃப்பா வரும், ஏபிகேவா வரவே வராது. ஏபிகேங்கறது ப்ளே ஸ்டோர தாண்டி நேரா போன்ல ஏறுற ஆப். சொந்தக்காரர் நம்பர்லேர்ந்தே வந்தாலும் தொடாதீங்க, அவங்க போன் ஏற்கனவே மாட்டியிருக்கும், அவங்களுக்கு தெரியாமலே அது எல்லாருக்கும் அனுப்பிட்டு இருக்கும். அதே மாதிரி "உங்க போன நானே சரி பண்ணி தர்றேன், இந்த ஆப்ப ஏத்துங்க"ன்னு சொல்லி ஸ்க்ரீன் ஷேர் பண்ற ஆப்ப ஏத்த சொல்வாங்க. அந்த ஆப் நல்ல ஆப் தான், கம்பெனில எல்லாம் பயன்படுத்தறது, ஆனா முகம் தெரியாதவர் சொல்லி நீங்க ஏத்தினா உங்க ஸ்க்ரீன் முழுக்க அவர் பாத்துட்டு இருப்பாரு.

கடன் ஆப். இத சொல்லும்போது எனக்கு வயிறு எரியும், ஏன்னா அவசரத்துக்கு 5,000 வேணும்னு நிக்கறவங்க தான் மாட்டறாங்க. ஆதார் போட்டா அஞ்சு நிமிஷத்துல காசுன்னு வரும், கான்டாக்டும் போட்டோவும் அலோ பண்ண சொல்லும், அப்புறம் ஒரு நாள் லேட்டானாலும் உங்க போன்ல இருக்கற எல்லா நம்பருக்கும் அசிங்கமா மெசேஜ் போகும், போட்டோவ வெட்டி ஒட்டி அனுப்புவாங்க. கடன் ஆப் எதுவும் கான்டாக்ட், போட்டோவ தொடக்கூடாதுன்னு கூகுளே 2023 மே கடைசிலேர்ந்து ப்ளே ஸ்டோர்ல விதி போட்டுடுச்சு, அப்போ கேக்குற ஆப் ஒண்ணு விதிய மீறுது, இல்ல வெளியேர்ந்து வந்திருக்கு. ரிசர்வ் பேங்க் 2025 ஜூலைலேர்ந்து பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் பயன்படுத்தற கடன் ஆப்போட பட்டியல அவங்க வெப்சைட்லயே போட்டு வச்சிருக்காங்க, அங்க பேரு இல்லன்னா நெருங்கவே வேணாம். ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க பயந்துட்டு மேல மேல கட்டாதீங்க, வெக்கப்படாதீங்க, சைபர் க்ரைம் உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. காசு எந்த வழில திருடு போனாலும் அதே நம்பர் தான், எவ்ளோ சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்ளோ தூரம் அந்த காச பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.

மத்தத வேகமா சொல்லிடறேன். டிஜிலாக்கர் வச்சுக்கோங்க, லைசென்ஸ், ஆர்சி புக், மார்க்‌ஷீட் எல்லாம் அதுல வாங்கி வச்சா சட்டப்படி ஒரிஜினலுக்கு சமம், எண்ணூர் ஹைவேல வண்டிய நிறுத்தினா தைரியமா காட்டலாம். கேலரில போட்டோ எடுத்து வச்சிருக்கறதுக்கு அந்த மதிப்பு இல்ல, ரெண்டும் ஒண்ணுன்னு நெறைய பேரு நெனச்சிட்டு இருக்காங்க. மழைக்கு தமிழ்நாடு அரசோட "டிஎன் அலர்ட்" இருக்கு, தமிழ்லயே எச்சரிக்கை வரும், ஏரில எவ்ளோ தண்ணி இருக்குன்னும் பாக்கலாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ நம்ம பக்கம் எப்படி கெடந்துச்சுன்னு தெரியும், அதனால அக்டோபர் மாசம் வரதுக்கு முன்னாடியே ஏத்தி வச்சிடுங்க, வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்டு ஆகுற புயல நம்பறதுக்கு இது எவ்வளவோ மேல். கடலுக்கு போறவங்களுக்கு தரமணில இருக்கற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பண்ண "ஃபிஷர் ஃப்ரெண்ட்" இருக்கு, அலை ஒசரம், காத்து, மீன் கெடைக்க வாய்ப்பு இருக்கற எடம் எல்லாம் தமிழ்ல. கரைல இருக்கும்போதே திறந்து பாத்துடணும், உள்ள போனா டவர் இருக்காது, ஜிபிஎஸ் மட்டும் டவர் இல்லாமலே வேலை செய்யும். அப்புறம் "சஞ்சார் சாத்தி", மத்திய அரசோட டெலிகாம் துறை பண்ணது, போன் காணாம போனா பிளாக் பண்ணலாம், உங்க பேருல எத்தன சிம் இருக்குன்னு பாக்கலாம். போன பிளாக் பண்ண அந்த போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐ வேணும், *#06# அடிச்சா வரும், இன்னைக்கே அடிச்சு ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வச்சிடுங்க, போன் தொலைஞ்சப்புறம் அத தேடறது கஷ்டம்.

கடைசியா, ஆப்ப எடுக்கற விஷயம். மாசா மாசம் காசு புடிக்கற ஆப்ப அழிச்சிட்டா காசு புடிக்கறது நிக்கும்னு நெனக்காதீங்க, நிக்காது. ப்ளே ஸ்டோர்ல உங்க படத்த தொட்டு "பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்"குள்ள போய் கேன்சல் பண்ணணும், யூபிஐ ஆப்லயும் ஆட்டோபேன்னு ஒரு எடம் இருக்கும், அதுல என்னென்ன ஓடிட்டு இருக்குன்னு பாத்து நிறுத்தணும், அதுக்கப்புறம் தான் ஆப்ப அழிக்கணும். அதே மாதிரி அக்கவுண்ட் ஓபன் பண்ணின ஆப்னா, அழிக்கறதுக்கு முன்னாடி அதோட செட்டிங்ஸ்ல "டெலீட் அக்கவுண்ட்" குடுத்துட்டு எடுங்க, இல்லன்னா ஆப் போனாலும் நீங்க குடுத்த பேரு, நம்பர், அட்ரஸ் எல்லாம் அவங்க கிட்டயே இருக்கும்.